ஆவணி மூல வீதியில் நீலக்கல்

நீலக்கல் மதுரைச் சீமையில் விளைந்த வஸ்துவன்று. வடக்கே நொய்யற்கரைக் கொடுமணலில் பண்டைப் பட்டறைகளை அகழ்ந்தவர்கள் நீலமணிகளைக் கண்டதுண்டு. தெற்கே கடல் கடந்தால், இலங்கையின் இரத்தினபுரியில் மண்ணுக்கடியிலுள்ள சரளைப் படிவை வாரிக் கழுவி அரித்து இன்றும் எடுக்கிறார்கள். மதுரைக்கு வாய்த்த பெருமை, வந்து சேர்ந்த கல்லின் குணதோஷங்களைப் பரீக்ஷித்து விலை மதிக்கும் வித்தையே.

இதற்குப் பழைய சாட்சி சிலப்பதிகாரம். ஊர்காண் காதையில் இரத்தினக் கடைவீதியை வர்ணிக்கும் இளங்கோவடிகள், வைரத்தின் தோஷங்களைப் பெயர் சொல்லி அடுக்கிவிட்டு, மாணிக்கம், புஷ்பராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் என்று உரைகாரர் பொருள்கொள்ளும் ஐந்தையும், பிறப்பால் ஒன்றாய் வனப்பால் மாத்திரம் வேறுபட்டனவாகக் கூறிச் செல்வது, வெறும் கவி வர்ணனையென்று தள்ளத்தக்கதன்று. ஏனெனில் மாணிக்கமும் நீலமும் கனக புஷ்பராகமும் குருந்தம் என்னும் ஒரே தாதுவின் பேதங்களே என்றும், அதில் குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பும், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமும் தோன்றுகின்றன என்றும் பிற்கால ரசாயன சாஸ்திரம் கண்டது. வைடூரியமும் கோமேதகமும் அக்குலத்தில் சேரா. ஆயினும் கண்ணொன்றையே கருவியாகக் கொண்ட காலத்தில் ஐந்துக்கு மூன்று பொருந்தியது சாமானியமல்ல.

இவ்வித்தையின் மதிப்பு எவ்வளவு உயர்ந்ததென்றால், மகுடத்துக்கு இரத்தினங்களின்றித் திகைத்த பாண்டிய குமாரன் முன் சோமசுந்தரக் கடவுளே வணிக வேடம் பூண்டு வந்து, வலன் என்னும் அசுரனது கண்கள் நீலமாயின, குருதி மாணிக்கமாயிற்று என்று நவமணிகளின் உற்பத்தியையும் இலக்கணத்தையும் உபதேசித்ததாகப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் பாடுகிறது. மாணிக்கம் விற்ற அந்த லீலை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடைபெறுகிறது. நகைக்கடைகள் நெருங்கிய தெற்கு ஆவணி மூல வீதி அவ்விழாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. மீனாட்சியம்மனின் திருவாபரணங்களில் நீலநாயகப் பதக்கம் என்றே ஒன்று உண்டு.

அம்மன் திருமார்புக்கு உகந்த கல்லைச் சனியின் கல்லென்று அஞ்சுவோரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, மோதிரம் செய்யுமுன் தலையணைக்கடியில் வைத்துக் கனவு பார்ப்பார்கள். இளங்கோவின் கடைவீதியிலோ கிரகங்களின் பேச்சே இல்லை. கல்லின் தோஷம் பார்த்த கண் ஜாதக தோஷம் பார்க்கத் திரும்பியது வியாபாரத்துக்கு லாபமாயிருக்கலாம், வித்தைக்கு நஷ்டமே.

அவ்வித்தை இப்போதுதான் அதிகம் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெர்னேயில் என்ற பிரெஞ்சு ரசாயனி வகுத்த முறையால் உலையில் உருக்கிச் செய்யப்படும் நீலம், பொருளால் நிலத்து நீலமேயாதலால், கடினம் பார்த்தோ எடை பார்த்தோ அதை விலக்க முடியாது. வாங்குவோர் கடை விளக்கை நம்பாமல், கல்லைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடியால் உள்ளே பார்க்கட்டும்: நிறக்கோடுகள் நேராகவோ கோணமாகவோ ஓடினால் பூமியில் விளைந்ததாயிருக்கலாம், வில்போல வளைந்திருந்தால் அது உலையில் பிறந்தது.