16 மெகாபைட் எல்லை: லினக்ஸ் கெர்னலில் டிஎம்ஏ நினைவகம் வளர்ந்த வரலாறு

லினக்ஸ் கெர்னல் தன் நினைவகத்தை வலயங்களாகப் பிரித்து ஆள்கிறது. அந்த வலயங்களின் எல்லைகளில் முக்கியமானவற்றை வகுத்தது செயலி அல்ல, செயலியைக் கேட்காமலே நினைவகத்தில் எழுதும் சாதனங்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் அந்த நேரடி அணுகலை, அதாவது டிஎம்ஏவை, இன்டெல் 8237 சில்லு கவனித்துக்கொண்டது. அதன் முகவரிப் பதிவகம் 16 பிட்தான். 64 கிலோபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. மேல் பிட்களைப் பக்கப் பதிவகம் என்ற தனிச் சில்லில் வைத்து ஐபிஎம் சமாளித்தது. வினையே அதில்தான். 60ஆவது கிலோபைட்டில் தொடங்கும் 8 கிலோபைட் இடத்தை பிளாப்பிக்குக் கொடுத்தால், முதல் பாதி சரியாக இறங்கும். பிறகு எண்ணி பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும், பக்கப் பதிவகமோ அசையாது. மறுபாதி அதே 64 கிலோபைட் பகுதியின் தொடக்கத்தில் போய் விழுந்து, அங்கிருந்ததை அழித்துவிடும். செயலிக்கு இது தெரியவே தெரியாது.

1984இல் வந்த பிசி ஏடி, டிஎம்ஏ முகவரியை 24 பிட்டாக்கி 16 மெகாபைட் வரை எட்ட வைத்தது. 286 செயலியின் எல்லையும் அதுவே என்பதால் அன்று யாரையும் அது உறுத்தவில்லை. 386 வந்து 4 ஜிபி வரை முகவரி கிடைத்த பிறகும் ஐஎஸ்ஏ எனப்படும் விரிவாக்க அட்டைகள் பழைய இடத்திலேயே நின்றன. 386க்காக 1991இல் பிறந்த லினக்ஸ் இந்த இடைவெளியைப் பிறவிச் சொத்தாகப் பெற்றது. நினைவகம் கேட்கும் டிரைவர் ‘ஜிஎஃப்பி டிஎம்ஏ’ என்ற குறியையும் சேர்த்துக் கொடுத்தால், முதல் 16 மெகாபைட்டுக்குள்ளிருந்தே இடம் கிடைக்கும். 2001இல் வந்த 2.4 பதிப்பில் அந்தப் பகுதி தனி வலயமாகவே நிலைத்திருந்தது.

எட்டும் தூரம் ஒரு சிக்கல் என்றால், தொடர்ச்சி இன்னொன்று: பல சாதனங்களுக்கு இடைவெளியில்லாத ஒரே துண்டாக இடம் வேண்டும். கென்னத் நோல்டன் 1965இல் விவரித்த முறையை ஒட்டி, லினக்ஸ் நினைவகப் பக்கங்களை இரண்டின் அடுக்குகளாகப் பிளந்தும் சேர்த்தும் தருகிறது. 4 கிலோபைட் பக்கங்களில் வழக்கமான உச்ச அடுக்கு 1024 பக்கங்கள், அதாவது 4 மெகாபைட். கைப்பேசி கேமராவுக்கு இது எந்த மூலைக்கு? 50 லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு படம், புள்ளிக்கு 2 பைட் என்றாலே 1 கோடி பைட் கேட்கும். தொடக்கத்திலேயே பெரிய இடத்தை ஒதுக்கிப் பூட்டிவைத்தால் கேமரா உறங்கும் நேரமெல்லாம் அது வீண். சாம்சங் பொறியாளர்கள் எழுதி 2012இல் 3.5 பதிப்பில் சேர்ந்த சிஎம்ஏ என்ற தொடர் நினைவக ஒதுக்கி, அந்த இடத்தை இடம்பெயர்க்கக்கூடிய பக்கங்களுக்கு வாடகைக்கு விட்டது. கேமரா கேட்டதும் குடியிருப்போரை வேறு இடத்துக்கு மாற்றுகிறது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான், காலி செய்யச் சற்று நேரம் பிடித்தாலும்.

64 பிட் கணினிகளில் எல்லை 4 ஜிபிக்கு நகர்ந்தது. 32 பிட் மட்டுமே அறிந்த பிசிஐ அட்டைகளுக்காக 2006 ஜனவரியில், 2.6.15 பதிப்பில், டிஎம்ஏ32 வலயம் வந்தது. எட்டாத தரவைக் கீழே உள்ள இடத்துக்குப் படியெடுத்து அனுப்பும் ஏற்பாடும் உண்டு. அதற்கு விலை செயலியின் நேரம். சாதனத்தின் முகவரியையே மொழிபெயர்க்கும் ஐஓஎம்எம்யூ இருந்தால் தூரமும் தொடர்ச்சியும் ஒருசேரத் தீர்ந்துவிடும். ஆனால் எல்லாப் பலகையிலும் அது இருப்பதில்லை.

டிரைவர் எழுதுவோரின் பழக்கமும் இதில் சேர்த்தி. அடுக்கு நினைவகத்தில் (ஸ்டாக்) டிஎம்ஏ செய்யாதீர்கள் என்று ஆவணம் எச்சரித்தும் பல யுஎஸ்பி டிரைவர்கள் அதைச் செய்துவந்தன. 2016இல் 4.9 பதிப்பு, பாதுகாப்புக்காக x86-64இல் அந்த அடுக்கை மெய்நிகர் முகவரிப் பகுதிக்கு மாற்றியதும் அவை வரிசையாக முறிந்தன.

2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 பலகையில் அப்போது 4 ஜிபி வரை நினைவகம் இருந்தது. ஆனால் அதன் சில சாதனங்களுக்கு எட்டுவது முதல் 1 ஜிபி மட்டுமே. அதற்காக 5.5 பதிப்பில் ஏஆர்எம்64 கெர்னல் டிஎம்ஏ, டிஎம்ஏ32 என்ற இரு வலயங்களையும் ஒன்றாக ஏற்றது. 1 ஜிபி என்ற எண் முதலில் எல்லா ஏஆர்எம்64 கணினிகளுக்கும் பொருந்தியது. பின்னர், பலகையின் சாதன விவரப் பட்டியலைப் படித்து, அதிலுள்ள மிகக் குறைந்த தூரமே எட்டும் சாதனத்துக்கு ஏற்ப எல்லையைத் தானே குறித்துக்கொள்ளும்படி அது மாற்றப்பட்டது.