பெடலில்லா ஸ்டீல் கித்தார்

பெடலில்லா ஸ்டீல் கித்தார் என்பது தந்திகளின் சுரத்தை மாற்றும் கால் பெடல்களோ முழங்கால் நெம்புகோல்களோ இல்லாத ஸ்டீல் கித்தார் வகையாகும். மடியில் வைத்து வாசிக்கும் மடிக் கித்தார், கால்கள் பொருத்தி நிறுத்திய கன்சோல் கித்தார் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பெடல் ஸ்டீல் கித்தார் இதிலிருந்தே வளர்ந்தது. பெடல் ஸ்டீல் இசைஞர்களுக்கு இன்றும் இக்கருவி சிறந்த பயிற்சிக் கருவியாக விளங்குகிறது. பெடல் செய்து தரும் வேலையை இதில் கையும் காதும் செய்ய வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

வாசிக்கும் முறை

ஸ்டீல் கித்தாரில் தந்திகளை விரலால் மெட்டுகளின் மீது அழுத்துவதில்லை. இடக்கையில் பிடித்த எஃகுத் தண்டைத் தந்திகளின் மேல் வைத்து நகர்த்தி, வலக்கை விரல்களில் அணிந்த மீட்டிகளால் மீட்டுவர். கருவியின் மேல் வரையப்பட்டுள்ள மெட்டுக் கோடுகள் கண்ணுக்கு வழிகாட்டும் அடையாளங்கள் மட்டுமே. தந்தி அவற்றைத் தொடுவதில்லை. எனவே சுரத்தின் துல்லியம் முழுவதும் தண்டு நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கருநாடக இசையில் கோட்டுவாத்தியம் எனப்படும் சித்திரவீணையும் இவ்வாறே தந்திகளின் மேல் ஒரு கட்டையை நகர்த்தி வாசிக்கப்படுகிறது.

வரலாறு

இம்முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. இதனை உருவாக்கிய பெருமை ஜோசப் கெக்குகு (1874–1932) என்பவருக்கு வழங்கப்படுகிறது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சிக்குப் பின் ஹவாய் இசை அமெரிக்கா முழுவதும் பரவியது. 1932இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் மின் மடிக் கித்தார் விற்பனைக்கு வந்தது.

ஒரே சுருதி அமைப்பில் எல்லா கார்டுகளையும் பெற இயலாததால், இசைஞர்கள் வெவ்வேறு சுருதி அமைப்புகள் கொண்ட இரண்டு, மூன்று அல்லது நான்கு கழுத்துகளை உடைய கருவிகளைப் பயன்படுத்தினர். இதற்கு மாற்றாகவே பெடல்கள் வந்தன. வெப் பியர்ஸ் பாடி 1954இல் வெளியான "ஸ்லோலி" என்னும் பாடலில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துச் சுரத்தை மாற்றினார். அந்த ஒலி பெரும் வரவேற்பைப் பெறவே, நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் கித்தார் முதன்மை பெற்றது.

இரு கருவிகளின் வேறுபாடு

பெடல் ஸ்டீலில் பரவலாக உள்ள ஈ9 சுருதி அமைப்பில், தண்டை 3ஆம் மெட்டில் வைத்தால் ஜி மேஜர் கார்டு கிடைக்கும். தண்டை அசைக்காமல் ஏ, பி எனப் பெயரிடப்பட்ட இரு பெடல்களையும் மிதித்தால் அது சி மேஜர் கார்டாக மாறும். பெடலில்லாக் கருவிகளில் பரவலாக உள்ள சி6 அமைப்பில் தந்திகள், தடித்த தந்தியிலிருந்து, சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ எனச் சுருதி சேர்க்கப்படும். இதில் ஜி மேஜர் 7ஆம் மெட்டிலும் சி மேஜர் 12ஆம் மெட்டிலும் உள்ளன. அதே மாற்றத்துக்குத் தண்டு ஐந்து மெட்டுகள் தாவ வேண்டும்.

பெடல் ஸ்டீல் இசைஞருக்கான பயன்கள்

சுரத் துல்லியம்: பெடல் தந்தியை இழுக்கும் அளவு முன்னரே திருகிச் சரிசெய்யப்பட்டிருக்கும். தண்டுக்கு அத்தகைய எல்லை எதுவும் இல்லை. தந்தியின் நீளம் 22.5 அங்குலம் எனக் கொண்டால், 12ஆம் மெட்டில் 1 மில்லிமீட்டர் பிழை ஏறத்தாழ 6 சென்ட் சுர வேறுபாட்டைத் தரும். (சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூற்றில் ஒரு பங்கு.) இப்பிழையைக் காதால் அறிந்து உடனே திருத்தும் பழக்கம் பெடல் ஸ்டீலுக்கும் தேவை. பெடல்களை மிதிக்கும்போது கருவியின் உடல் சிறிது வளைந்து, மற்றத் தந்திகளின் சுருதி நுண்ணளவில் இறங்குவதுண்டு. அதனையும் கையே ஈடு செய்ய வேண்டும்.

சாய்வுப் பிடி: தண்டைச் சாய்த்து, இரு தந்திகளை வெவ்வேறு மெட்டுகளில் தொடுவது சாய்வுப் பிடி எனப்படும். சி6 அமைப்பில் 15ஆம் மெட்டில் தண்டை நேராக வைத்து மூன்றாம், இரண்டாம் தந்திகளை மீட்டினால் சி, ஈ பிளாட் ஆகிய சுரங்கள் ஒலிக்கும். தண்டின் நுனியைக் குதிரைப் பக்கமாக ஒரு மெட்டு சாய்த்தால் சி, ஈ கிடைக்கும். திறந்த தந்தியிலிருந்து முதல் மெட்டுக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். 12ஆம் மெட்டுக்கு அடுத்த இடைவெளி 16 மில்லிமீட்டர் மட்டுமே. எனவே சாய்வின் கோணம் இடத்துக்கு இடம் மாறும். இதில் தேறிய கை பெடல் ஸ்டீலிலும் தண்டை முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும்.

அதிர்வும் நெகிழ்வும்: பெடலின் இழுப்பு கிடைக்காதபோது, சுரத்துக்கு உயிரூட்டுவது தண்டின் அசைவும் வழுக்கலும் மட்டுமே. அதிர்வின் வேகம், அகலம், அது தொடங்கும் நேரம் ஆகியவற்றை இசைஞர் தாமே தேர்ந்து பழகுகிறார்.

ஒலியை நிறுத்துதல்: நீண்ட தாவல்களின்போது தேவையற்ற தந்திகள் ஒலிக்காமலும் தண்டின் இழுப்பு ஒலி கேளாமலும் உள்ளங்கையால் தடுக்க வேண்டும். இத்திறன் இரு கருவிகளுக்கும் பொதுவானது.

சிக்கனம்: பத்துத் தந்திகளும் பல பெடல்களும் இருந்த இடத்தில் ஆறு தந்திகளே இருக்கும்போது, பழகிப்போன பெடல் சொற்கட்டுகள் கைகொடுப்பதில்லை. பாடலின் மெட்டையே சில சுரங்களில் சொல்ல வேண்டியதாகிறது.

வரம்புகள்

ஒரு சுரம் நிலைத்து ஒலிக்க, மற்றொன்று அதை நோக்கி நகரும் பெடல் ஸ்டீலின் தனி ஒலியைத் தண்டால் முழுமையாகப் பெற இயலாது. கால், முழங்கால், கை ஆகியவற்றின் ஒத்திசைவும் பெடலில்லாக் கருவியில் பயிலக் கூடியதன்று. பெடல் ஸ்டீலில் தந்திகள் நெருக்கமாகவும் தண்டு கனமாகவும் இருப்பதால், சாய்வுப் பிடிகளை அப்படியே மாற்றிக்கொள்வதும் கடினம். ஆகவே இப்பயிற்சி பெடல் பயிற்சிக்குத் துணையே அன்றி மாற்று ஆகாது.

குறிப்பிடத்தக்க இசைஞர்கள்

ஜெர்ரி பேர்ட் (1920–2005): பெடல்கள் பரவிய பின்னரும் அவற்றை ஏற்காதவர். சி6 அமைப்பைப் பரப்பியவர். 1972இல் ஹவாயில் குடியேறி, அங்கு இளைஞர்களுக்குக் கற்பித்தார்.

டான் ஹெல்ம்ஸ் (1927–2008): ஹாங்க் வில்லியம்சின் குழுவில் பெடலில்லாக் கருவியை வாசித்தவர்.

பட்டி எம்மன்ஸ் (1937–2015): பெடல் ஸ்டீலின் இன்றைய வடிவத்துக்குப் பெரும் பங்களித்தவர். தமது 11ஆம் வயதில் ஆறு தந்தி மடிக் கித்தாரிலேயே பயிற்சியைத் தொடங்கினார்.