வாயடைப்பும் வெளிவீதியும்: ஒரு ஜாஸ் இசைத்தட்டும் நயினாதீவு மேளமும்

ட்ரம்பெட்டும் நாதஸ்வரமும் திறந்த வெளிக்கென்று பிறந்த வாத்தியங்கள். ஒன்று போர்ப்படைக்கும் ஊர்வலத்துக்கும் முழங்கியது. மற்றது சுவாமிக்கு முன்னே போவது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பெரியமேளம் ஒலிப்பதிவில் முழுமையாக நிலைக்காததற்கு எங்கள் அக்கறையின்மையையே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மைதான். மறுபாதி மேளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு ஜாஸ் இசைத்தட்டோடு ஒப்பிட்டால் அது தெளிவாகும்.

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஒவ் ப்ளூ' இசைத்தட்டை 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில் நியூயோர்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கூடத்தில் பதிந்தார். ஒரு வேளையில் ஆறு பேருக்கு மேல் வாசிக்கவில்லை. அதிலுள்ள 'ஸோ வாட்' உருப்படியின் சுற்று 32 தாள அளவு கொண்டது. அதில் 24 அளவு நமது கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களில் நிற்கிறது. இடையில் எட்டு அளவுக்கு அதே வரிசை அரைச்சுரம் மேலேறுகிறது. 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' இன்னும் நெருக்கம்: ஐந்து சுரவரிசைகள், ஒவ்வொன்றிலும் வாசிப்பவர் மனம் நிறையும்வரை தங்கலாம். ராகமாலிகை கேட்டு வளர்ந்த காது இதை உடனே இனங்காணும்.

ஆனால் இந்த ஒற்றுமையோடு நின்றுவிடுவது தவறு. 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' உருப்படியில் டேவிஸ் ட்ரம்பெட்டின் வாயில் உலோக அடைப்பைச் செருகி, ஒலிவாங்கிக்கு அருகே ஊதுகிறார். டிரம்ஸ் வாசிக்கும் ஜிமி கோப் குச்சியை வைத்துவிட்டுக் கம்பிக் குஞ்சத்தால் தோலை வருடுகிறார். வீதியில் கரைந்துபோகும் நாதம் மூச்சோடு நம் காதருகே வருகிறது. அந்த இசையை ஆக்கியதில் ஒலிவாங்கிக்கும் பங்குண்டு.

மேளத்துக்கு இந்த வழி இல்லை. சீவாளியில் மூச்சை அடக்கி நாதஸ்வரக்காரர் மென்மை காட்டலாம். தவிலின் வலந்தலையில் கூடணிந்த விரல்களும் இடப்பக்கத் தொப்பியில் பூவரசங்கழியும் விழுந்ததும் அந்த மென்மை அமுங்கிவிடும். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டிலும் புகழ்பெற்றதே என்று கேட்கலாம். தட்டுக்குள் போனது ஆலாபனை; மேளம் அல்ல.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கு மேளகாரர் தவிலோடு குறிகட்டுவானில் படகேறிப் போகிறார்கள். அம்மன் வெளிவீதி வரும்போது அடுத்த வீதியில் நிற்பவருக்கு முதலில் தொப்பியின் தாழ்ந்த அடி மட்டும் கேட்கும். மூலை திரும்பியதும் சுவாமி ஊர்வலத்துக்குரிய மல்லாரி முகத்தில் அறையும். கடற்காற்று மாறினால் சுரம் விட்டுவிட்டு வரும். எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதைச் சுவாமியின் நடை தீர்மானிக்கிறது. தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற மேதைகளை வளர்த்தது இத்தகைய கோயில் வீதிதான்.

ஆகவே மேளத்தை அறைக்குள் அழைப்பது தீர்வாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக இசைத்துறையும் ஆலயத்தாரும் சேர்ந்து, வெளிவீதியின் நான்கு மூலைகளிலும் ஒலிவாங்கி வைத்து, ஒரு முழுச் சுற்றை வெட்டாமல் பதிய வேண்டும். வரும் ஆனியிலேயே தொடங்கலாம்.