சட்டம் தராத கட்டணம்: இரு காய்கறி வணிகர்கள் வென்ற உரிமை

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் வியந்து பார்ப்பவற்றுள் அங்குள்ள நெற்களஞ்சியங்களும் அடங்கும். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அக்கோட்டை பலமுறை கைமாறியது. சாதத்துல்லா கான் பள்ளிவாசல் அங்கே நவாபுகளின் காலத்தை இன்றும் நினைவூட்டி நிற்கிறது. ஆள்வோர் எவராயினும், கடைத்தெருவில் பொருள் விற்ற எளியவர் "இந்தக் கட்டணத்தை எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள்?" என்று வினவுவது எளிதாக இருந்ததில்லை.

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அக்கேள்விக்கு வலிமை பிறந்தது. அதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றவர்களுள் முற்பட்டவர்கள் இரு முஸ்லிம் காய்கறி வணிகர்கள். இருவரும் உத்தரப் பிரதேசத்தின் அன்றைய முசாஃபர்நகர் மாவட்டத்தினர்.

முதலாமவர் கைரானா ஊரின் ரஷீத் அஹ்மத். அவ்வூர் நகராட்சி துணைவிதிகளை இயற்றி, மொத்த வியாபார உரிமையை ஒரே ஒருவருக்கு வழங்கியது. ரஷீத் அஹ்மத் உரிமம் கேட்டபோது, உரிமம் வழங்கவே விதியில் இடமில்லை என மறுக்கப்பட்டார். விதியை மீறியதாக அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது. உரிமம் பெற வழியே வைக்காமல் தொழிலைத் தடுப்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்று 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏகபோக உரிமை பெற்றவரும் ஒரு முஸ்லிமே என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நீதி கேட்பது சமூகப் பகை அன்று. உறவினருக்கு எதிராயினும் நீதியில் நிலைத்திருக்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான்.

இரண்டாமவர் ஜலாலாபாத் ஊரின் முஹம்மத் யாசீன். அவ்வூரை நிர்வகித்த குழு நமது பேரூராட்சியைப் போன்ற ஒரு சிறிய அமைப்பு. காய்கறி, பழங்களை மொத்தமாக விற்போர் அனைவரும் கட்டணம் செலுத்த வேண்டும் என அது விதித்தது. குத்தகை எடுத்தவரிடம் அக்கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. ஆனால் மாநிலச் சட்டமோ, குழுவின் பொறுப்பிலுள்ள இடத்தைப் பயன்படுத்துவோரிடம் மட்டுமே கட்டணம் பெற அதிகாரம் அளித்திருந்தது. இடத்தைப் பயன்படுத்தாதவரிடமும் வசூலிக்கச் சொன்ன அத்துணைவிதி, தாய்ச் சட்டத்தின் எல்லையைக் கடந்தது என்று 1952 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சட்ட ஆதாரமற்ற கட்டணம் தொழில் செய்யும் அடிப்படை உரிமையையே பறிக்கிறது என்றும் நீதிமன்றம் கூறியது. அப்போதைய தலைமை நீதிபதி, தமிழரான பதஞ்சலி சாஸ்திரி ஆவார்.

இந்த நெறி நமக்குப் புதிதன்று. கலீஃபா ஹாரூன் அல்ரஷீதுக்காக 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை எழுதிய காழி அபூயூசுஃப், வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதை வன்மையாக எதிர்த்தார். குத்தகைதாரர் தம் இலாபத்துக்காகக் குடிகள்மீது கடமைக்கு மேல் சுமத்துவார் என்பதே அவர் அஞ்சியது. ஆட்சியாளருக்கு நேர்நின்று ஓர் அறிஞர் உரைத்த நல்லுபதேசம் அது.

செஞ்சி போன்ற ஊர்களில் சந்தையிலும் சாலையோரத்திலும் ரிஸ்க் தேடும் குடும்பங்கள் பல. முறையான வரியையும் கட்டணத்தையும் செலுத்துவது அமானத். அதில் ஏமாற்றுவது நமக்கு ஹலால் ஆகாது. அதேவேளை, ரசீது கேட்பதும், துணைவிதியின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோருவதும் கலகம் ஆகா. தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கி முடிக்கும்வரை அவர்களை அப்புறப்படுத்தலாகாது என 2014ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கூறுகிறது. இதை அறியாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர்!

ரஷீத் அஹ்மதும் முஹம்மத் யாசீனும் தலைவர்கள் அல்லர். தம் கடையைக் காக்க நீதிமன்றம் சென்றவர்கள். அவர்கள் பெற்ற தீர்ப்புகளின் நிழல் எல்லாச் சமயத்து வணிகருக்கும் இன்றுவரை பயன்படுகிறது. நம் பிள்ளைகளுக்குக் கோட்டைகளின் வரலாற்றோடு இவ்விருவரின் வரலாற்றையும் சொல்லிக் கொடுப்போம். ஹலாலான உழைப்பில் பரக்கத்தையும், நீதிக்காக நிற்கும் துணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.