பள்ளி வாரியக் கூட்டங்களில் பேச்சுரிமை (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் வாரியங்களின் கூட்டங்களில் பெற்றோரும் ஆசிரியரும் ஊராரும் எழுந்து பேசுவதற்குள்ள உரிமையும், அதற்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளும் இத்தலைப்பில் அடங்கும். அந்நாட்டில் பள்ளி நிர்வாகம் தலைநகரிலிருந்து நடப்பதில்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. சில சிற்றூர்கள் சேர்ந்ததும் ஒரு பள்ளி மாவட்டம்தான். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மாநகரும் ஒரு பள்ளி மாவட்டம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம் உண்டு. உறுப்பினர்களைப் பெரும்பாலும் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். பாடநூல், வரவு செலவுத் திட்டம், பேருந்துத் தடம், பள்ளியை மூடுவது வரை அங்கேதான் முடிவாகிறது. கூட்டத்தின் ஒரு பகுதி பொதுமக்கள் கருத்துரைக்கு ஒதுக்கப்படும். முன்கூட்டியே பெயர் கொடுத்தவர் ஒலிவாங்கி முன் நின்று மூன்று நிமிடம் பேசுவார்; உறுப்பினர்கள் பெரும்பாலும் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த மூன்று நிமிடம் அரசியலமைப்பு நேரடியாகத் தந்த உரிமை என்று அமெரிக்கர்களே பலர் நம்புகின்றனர். அது சரியன்று.

தொடக்கம்

மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1647-இல் இயற்றிய சட்டம், 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றது. 100 குடும்பங்கள் இருந்தால் இலக்கணப் பள்ளியும் வேண்டும். செலவும் பொறுப்பும் ஊருடையவை. எனவே பள்ளி விவகாரம் ஊர்க்கூட்டத்தில் பேசப்பட்டது. அங்கே பேசுகிறவரும் முடிவெடுக்கிறவரும் ஒருவரே என்பதால், பேச்சுரிமை என்று தனியாக ஒன்றைக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை. ஆனால் அந்த ஊர் என்பது வாக்குரிமை பெற்ற ஆண்கள் மட்டுமே.

1826-இல் அதே மாநிலம் ஒவ்வோர் ஊரும் தனிப் பள்ளிக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. இன்றைய வாரியத்தின் மூலம் இதுவே. பெண்களுக்கு வாக்குரிமை பல இடங்களில் முதலில் கசிந்து வந்ததும் பள்ளித் தேர்தல் வழியாகத்தான்: கென்டக்கி 1838-இல் நாட்டுப்புறப் பள்ளி மாவட்டங்களில் குறிப்பிட்ட சில கைம்பெண்களுக்கு அதை அளித்தது, மாசசூசெட்ஸ் 1879-இல் பள்ளிக் குழுத் தேர்தலைப் பெண்களுக்குத் திறந்தது. அம்மாநிலத்துக் காங்கார்டு ஊரில் வாக்காளர் பட்டியலில் முதலில் பதிந்த பெண், நாவலாசிரியர் லூயிசா மே ஆல்காட்.

பேச்சுரிமை என்றதும் அமெரிக்கர் மனத்தில் எழும் ஓவியமும் ஒரு பள்ளிச் சண்டையில் பிறந்ததே. வெர்மான்ட் மாநிலத்து ஆர்லிங்டன் ஊர்க்கூட்டத்தில், எரிந்துபோன பள்ளிக்குப் பதிலாகப் புதிய கட்டடம் எழுப்பும் திட்டத்தை ஓர் உழவர் தனி ஆளாக எதிர்த்தார். கூட்டத்தில் யாருக்கும் உடன்பாடில்லை. ஆனாலும் அவரைப் பேசி முடிக்க விட்டார்கள். அதைக் கண்டிருந்த ஓவியர் நார்மன் ராக்வெல், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அறிவித்த நான்கு சுதந்திரங்களைப் படமாக்கியபோது முதற்படத்துக்கு அந்தக் காட்சியையே எடுத்துக்கொண்டார். 1943 பிப்ரவரியில் அது சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் வெளிவந்தது. படத்தில் நிற்பவருக்கு நேரக் கணக்கு வைக்க ஆளில்லை.

பங்காளி மனுதாரர் ஆனது

ராக்வெல் அதை வரையும்போதே அந்த ஊர்க்கூட்ட ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் மறைந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரப் பள்ளிகள் வட்டார அரசியல்வாதிகளின் கையில் இருந்தன; ஆசிரியர் வேலைக்கு விலை வைத்த ஊழலும் இருந்தது. சீர்திருத்தக்காரர்கள் வாரியங்களைச் சுருக்கி, தொழில்முறைக் கண்காணிப்பாளரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தனர். பெருநகர வாரியங்களில் 1893-இல் சராசரியாக 21 பேருக்கு மேல் இருந்தனர். 1913-இல் அது பத்தாகக் குறைந்தது. நாட்டுப்புறத்தில் சிறு மாவட்டங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1939-40 கல்வியாண்டில் 1,17,000 ஆக இருந்த பள்ளி மாவட்டங்களின் எண்ணிக்கைதான் இன்று 13,000 அளவில் நிற்கிறது. ஊழல் குறைந்தது உண்மை. அதற்குக் கொடுத்த விலை, ஊரார் கூட்டத்தின் பங்காளி என்ற நிலையிலிருந்து மனுக் கொடுக்க வந்தவர் என்ற நிலைக்கு இறங்கியது. பேச்சுரிமை வழக்குகள் எல்லாம் இந்த இறக்கத்துக்குப் பின் வந்தவை.

கதவு திறந்தது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வாரியங்கள் மூடிய அறையில் முடிவெடுப்பது பெரும் குறையாகப் பேசப்பட்டது. சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழ் 1952-இல் உள்ளாட்சிகளின் இரகசியக் கூட்டங்களைப் பற்றித் தொடர் வெளியிட்டது. மறு ஆண்டே கலிபோர்னியா அக்கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறக்கும் பிரவுன் சட்டத்தை இயற்றியது. புளோரிடா 1967-இல் பின்தொடர்ந்தது. மற்ற மாநிலங்களும் காலப்போக்கில் அதே வழிக்கு வந்தன.

இச்சட்டங்கள் முதலில் தந்தது பார்க்கும் உரிமையைத்தான், பேசும் உரிமையை அன்று. கலிபோர்னியா 1986-இல்தான் பொதுமக்கள் பேச வாய்ப்பளிப்பதைக் கட்டாயமாக்கியது. அமைப்பின் கொள்கைகளையும் செயல்களையும் குறைகூறுவதைத் தடுக்கக் கூடாது என்ற விதியும் அச்சட்டத்தில் சேர்ந்தது. புளோரிடா 2013-இலும் டெக்சாஸ் 2019-இலும் இதே திசையில் சட்டம் செய்தன. ஓஹையோ போன்ற மாநிலங்களின் திறந்த கூட்டச் சட்டத்திலோ பேசும் உரிமை இன்றுமில்லை. அங்கே கருத்துரை நேரம் வாரியம் விரும்பித் தருவது.

இதற்கிடையில், திறந்த கூட்டம் எவ்வளவு கொந்தளிக்கும் என்பதை மேற்கு வர்ஜினியாவின் கனாவா கவுண்டி காட்டிவிட்டது. 1974 ஜூனில் புதிய மொழிப் பாடநூல்களை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். வாரியம் 3-2 வாக்கில் நூல்களை ஏற்றது. வகுப்புப் புறக்கணிப்பும் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தமும் தொடர்ந்தன. அக்டோபரில் வாரிய அலுவலகத்தில் வெடிகுண்டு வெடித்தது; டிசம்பர்க் கூட்டத்தில் உறுப்பினர்களே தாக்கப்பட்டனர்.

நீதிமன்றங்கள் வகுத்த வழி

மிகப் பெரிய வழக்கு மிகச் சிறிய பேச்சிலிருந்து எழுந்தது. விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில், 1971 டிசம்பரில், தொழிற்சங்கத்தில் சேராத ஆசிரியர் ஒருவர் வாரியத்தின் பொதுக் கூட்டத்தில் எழுந்தார். சங்கத்தில் சேராதவரும் அதன் செலவில் பங்கு தர வேண்டும் என்ற கோரிக்கை அப்போது பேச்சுவார்த்தையில் இருந்தது. அதைத் தீர ஆராயும் வரை தள்ளிவைக்கும்படி ஒரு மனுவைப் படித்தார், அவ்வளவுதான். சங்கத்தைத் தாண்டி ஓர் ஆசிரியரிடம் வாரியம் பேரம் பேசியதாக இது கொள்ளப்பட்டு, சங்கப் பிரதிநிதியல்லாத ஆசிரியர்களை இத்தகைய பொருளில் பேச விடக் கூடாது என்று மாநில ஆணையம் உத்தரவிட்டது. 1976-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொதுமக்களுக்குத் திறந்த கூட்டத்தில், ஒருவர் ஆசிரியர் என்பதற்காகவோ சங்கத்தில் இல்லை என்பதற்காகவோ அவர் வாயை அடைக்க முடியாது என்று தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதினார்.

ஆனால் 1984-இல் மினசோட்டா சமுதாயக் கல்லூரி ஆசிரியர்கள் தொடுத்த வழக்கில், தன் பேச்சை அரசு கேட்டாக வேண்டும் என்று வற்புறுத்தும் உரிமை எவருக்கும் அரசியலமைப்பில் இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சட்டத்தின் வடிவம் தெரியும். கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் வாரியத்துக்கு இல்லை. திறந்துவிட்டால், தனக்குப் பிடித்தவரை உள்ளே விட்டுப் பிடிக்காதவரை வெளியே நிறுத்த முடியாது. ஒரு நோக்கத்துக்காகத் திறந்த இவ்விடத்தை நீதிமன்றங்கள் வரம்புடைய பொது மன்றம் என்கின்றன. நேரத்தை வரம்பிடலாம், நிகழ்ச்சி நிரலுக்குள் நிற்கச் சொல்லலாம், சொன்னதையே திரும்பச் சொன்னால் நிறுத்தலாம், கூட்டத்தை நடத்தவிடாமல் செய்பவரை வெளியேற்றலாம். பேசுபவரின் நிலைப்பாடு கசக்கிறது என்பதற்காக மட்டும் நிறுத்தக் கூடாது.

பெயர் சொல்லலாமா?

வழக்குகள் பெரும்பாலும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஊழியரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது என்று பல வாரியங்கள் விதி வைத்திருந்தன. கலிபோர்னியாவின் மொரினோ வேலி வாரியத்தின் அத்தகைய விதியை 1996-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. பாராட்டும்போது பெயர் சொல்லலாம், திட்டும்போது கூடாது என்றால் அது ஒரு பக்கத்துக்கு மட்டும் பூட்டு என்பதே இத்தகைய வழக்குகளின் சாரம். 2021-இல் ஆறாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்களுக்குப் பொதுவான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று), ஓஹையோவின் மாடிசன் வாரியம் வைத்திருந்த ‘இழிவான’, ‘தனிநபரை நோக்கிய’, ‘பகைமையான’ பேச்சுக்கான தடையை நீக்கியது. நேரில் வந்து முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதியை மட்டும் நிற்க விட்டது. பென்சில்வேனியாவின் பென்ஸ்பரியிலும் அதே ஆண்டு இத்தகைய விதிகளுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது.

2021 கொதிப்பான ஆண்டு. முகக்கவசம், இனவரலாற்றுப் பாடம், பால்மாற்ற மாணவர் கொள்கை என்று எல்லாமே வாரிய மேசைக்கு வந்தன. வர்ஜினியாவின் லவுடன் கவுண்டியில் ஜூன் 22 அன்று இருநூறுக்கும் மேற்பட்டோர் பேசப் பதிந்திருந்தனர். கூச்சல் அடங்காததால் வாரியம் கருத்துரையை நடுவில் நிறுத்தியது. கூட்டம் சட்டவிரோதமென அறிவிக்கப்பட்டு இருவர் கைதாயினர். செப்டம்பரில் தேசியப் பள்ளி வாரியங்கள் சங்கம் குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதம், மிரட்டல்களை உள்நாட்டுப் பயங்கரவாதத்தோடு ஒப்பிட்டது. உறுப்பினர்களுக்கு வந்த மிரட்டல்கள் உண்மையானவை. ஆனால் அந்த ஒப்பீடு கோபமான பெற்றோரையும் குற்றவாளிகளையும் ஒரே கூடையில் போட்டது. அடுத்த மாதமே சங்கம் வருத்தம் தெரிவித்தது. ஆயினும் பல மாநிலச் சங்கங்கள் அதிலிருந்து விலகின.

2024 மார்ச்சில் கலிபோர்னியாவின் போவே வாரியத்து உறுப்பினர்கள் இருவர் தம் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து பெற்றோரைத் தடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, புதிய அளவுகோலின்படி மறுபடி ஆராயக் கீழே அனுப்பப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பதினோராம் சுற்று நீதிமன்றம் புளோரிடாவின் பிரவார்டு வாரியத்தின் விதிகளை விலக்கியது. அங்கே பள்ளி நூலகத்தில் இருந்த நூலிலிருந்தே ஒரு பெற்றோர் படித்தபோது, ஆபாசம் என்று தலைவர் நிறுத்தியிருந்தார். அந்நூல் கூட்டத்துக்கு ஆகாது என்றால் நூலகத்துக்கு எப்படி ஆகும் என்று கேட்பதே அப்பெற்றோரின் நோக்கம். அந்த வாதத்தைத்தான் விதி அடைத்தது.

ஆறாம் சுற்றின் தீர்ப்பு ஓஹையோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னசி மாநிலங்களையும், பதினோராம் சுற்றின் தீர்ப்பு புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். மற்ற மாநிலங்களில் அவை மேற்கோள் காட்ட உதவுமே தவிர அங்குள்ள நீதிமன்றங்களைப் பிணிக்கா.