சணல் நகரின் உதைபந்தாட்டக் கழகங்கள்

உதைபந்தாட்டத்திற்கு விதி வகுத்தோர் ஆங்கில நாட்டுச் செல்வர் பள்ளிகளின் மாணவர் எனினும், அதனை மக்கள் ஆட்டமாக்கியவை ஆலை நகரங்களே. உருக்குத் தொழிலுக்குப் பேர்போன ஷெபீல்டில் 1857ஆம் ஆண்டிலேயே கழகம் ஒன்று தோன்றிவிட்டது. அந்நகரின் மற்றொரு கழகம், தன் உறுப்பினர்க்குப் புதன்கிழமை அரைநாள் ஓய்வு வாய்த்தமையால் அக்கிழமையின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. மான்செஸ்ரரில் 1878இல் புகைவண்டிப் பெட்டி செய்யும் தொழிலாளர் கூடி அமைத்த கழகமே பின்னாளில் உலகப் புகழ் எய்தியது. ஓய்வு நேரமும் ஓர் ஊர்ப்பெயரும் ஒரு பந்தும் இருந்தால் கழகம் பிறந்துவிடும் என்பது அக்கால நிலை.

கீழ்த்திசையில் இதற்கு நிகர் தேடுவோர் கண்முன் முதலில் தோன்றுவது கல்கத்தா. 1855இல் ரிஷ்ராவில் முதற் சணலாலை எழுந்தது. அதன்பின் ஊக்ளி ஆற்றின் இரு கரையிலும் ஆலைகள் நிரை நிரையாக எழுந்தன. ஆலை மேற்கிலே, சணல் விளைந்த வயல்களோ பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலே. சணல் வந்த வழியே மாந்தரும் வந்தனர். இவ்வுண்மையை மனத்திற் கொள்ளாதவர்க்கு அந்நகரத்துக் கழகங்களின் பகைமை விளங்காது.

வில்லியம் கோட்டையைச் சூழ்ந்த மைதான வெளியில் முதலில் ஆடியோர் ஆங்கில வணிகரும் படைவீரருமே. இந்திய உதைபந்தாட்டச் சங்கம் 1893இலும் கல்கத்தா லீக் போட்டி 1898இலும் தொடங்கின. லீக்கில் நெடுங்காலம் இந்தியக் கழகங்களுக்கு இடமில்லை. இடம் கிடைத்த பின்னரும் முதற் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் ஆடலாகாது என்ற விதி இருந்தது. அவ்விதி 1925இல்தான் நீங்கியது.

1889இல் வட கல்கத்தாவிலே தோன்றிய மோகன் பகான் கழகம் 1911 ஜூலை 29இல் சங்கக் கேடய இறுதி ஆட்டத்தில் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை எதிர்த்து நின்றது. பதினொருவரில் பதின்மர் வெறுங்காலர். சுதிர் சட்டர்ஜி ஒருவரே சப்பாத்து அணிந்தவர். கற்றரையிலும் வரம்பிலும் வெறுங்காலுடன் பந்து உதைத்துப் பழகிய தீவகத்து இளைஞர்க்கு இது வியப்பன்று. சப்பாத்தின் இரும்பு நுனிக்கு முன்னே வெறுங்காலை நீட்டுவதற்கு வேண்டிய நெஞ்சுரத்தை அவர்கள் நன்கறிவர். முதற் கோலை அடித்தது படைப்பிரிவு. ஆட்டம் முடியுந் தறுவாயில் தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். சற்று நேரத்தில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். பந்து கண்ணிற் படாத தொலைவில் நின்ற பல்லாயிரவர்க்குக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது என்பர்.

அவ்வாண்டு டிசெம்பரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டுத் தலைநகரும் தில்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இதனை அந்த ஆட்டத்தின் விளைவெனச் சொல்வாரும் உளர். அது மிகைக் கூற்று. 1905 முதல் நிகழ்ந்த சுதேசிக் கிளர்ச்சியின் வலிமையை ஒரு மாலைப் பொழுதின் கணக்கில் எழுதுதல் தகாது. எனினும், வெள்ளையனை அவனது ஆட்டத்தில், அவனது விதிப்படியே வெல்லலாம் என்பதை அம்மாலை காட்டியது மெய்.

அவ்வணியிற் பலர் கிழக்கு வங்கத்தை வேராகக் கொண்டவர். ஆயினும் ஒன்பதாண்டு கழிந்து அக்கிழக்கே தனிக் கழகம் காண நேர்ந்தது. 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டமொன்றில் ஜோராபாகன் கழகம், கிழக்கு வங்கத்தவரான சைலேஷ் போஸ் என்பாரை அணியிற் சேர்க்காது விட்டது. அக்கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி சினந்து விலகினார். நண்பருடன் கூடி ஆகஸ்ட் முதல் நாள் ஈஸ்ட் பெங்கால் கழகத்தை நிறுவினார். 1925 மே 28இல் இரு கழகங்களும் லீக்கில் முதன்முறை மோதியபோது ஈஸ்ட் பெங்கால் ஒரு கோலால் வென்றது. அன்று தொட்டு, கிழக்கார் வென்றால் இல்லிசா மீனும் மேற்கார் வென்றால் இறாலும் சந்தையில் விலையேறும் என்பது அந்நகரத்து வழக்கு.

இவ்விரண்டிற்கும் முன்னரே லீக்கை வென்ற இந்தியக் கழகம் மொகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து அதுவே வென்றது. பெங்களூர் முதலிய தொலையூர்களிலிருந்து ஆட்டக்காரரைத் திரட்டியதும், மழை நனைந்த தரையில் சப்பாத்து அணிந்து ஆடத் துணிந்ததும் அதன் சிறப்பு. வெறுங்காலே பெருமை என்றிருந்தோர் அதனைக் கண்டும் திருந்தினாரல்லர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவைப் பத்துக்கு ஒன்று எனத் தோற்கடித்த பின்னரே சப்பாத்து கட்டாயமாயிற்று.

1947இல் நாடு பிரிந்தது. சணல் வயல்கள் பாகிஸ்தானிலும் ஆலைகள் இந்தியாவிலும் ஆயின. கிழக்கிலிருந்து இலட்சக் கணக்கானோர் உடுத்த துணியோடு கல்கத்தாவிற்கு வந்து, புகைவண்டி நிலையத்திலும் நகர்ப்புறத்துக் குடியேற்றங்களிலும் ஒதுங்கினர். அவர்தம் பேச்சு வழக்கு நகரத்தாரால் எள்ளப்பட்டது. வீடும் குளமும் கோயிலும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட, ஊர்ப்பெயரை உரக்கக் கூவுவதற்கு அவர்க்கு எஞ்சிய இடம் மைதானத்தின் படிக்கட்டு ஒன்றே. 1949 முதல் 1953 வரை அக்கழகத்திற்கு ஆடிய ஐந்து முன்னணி வீரரைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று அவர்கள் போற்றினர். அவ்வைவரில் வங்கத்தார் ஒருவருமிலர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய அனைவரும் தென்னாட்டவர். தம் மண்ணை இழந்தோர், அம்மண்ணையே காணாத தென்னாட்டவரின் கால்களில் அதனைக் கண்டு மகிழ்ந்தனர்.

1990இல் போரினால் வேலணை, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களை விட்டுப் பெயர்ந்த தீவக மக்களுக்கு இது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தீவகத்து ஊர்களின் பெயர் தாங்கி எழுந்த சங்கங்கள், அவ்வூரைக் கண்டிராத பிள்ளைகளையும் அதன் பெயரால் ஒன்றுகூட்டுகின்றன.

இப்பற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகமும் ஆடியபோது பார்வையாளரிடையே கைகலப்பு மூண்டு, நெரிசலில் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் எந்தப் பக்கத்தார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதில் பொருளில்லை. 1997இல் சால்ட் லேக் அரங்கில் அவை மீண்டும் மோதிய ஓர் ஆட்டத்தைக் கண்டோர் தொகை 131,000க்கு மேற்பட்டது.

2020இல் மோகன் பகான் வேறொரு கழகத்துடன் இணைந்து, அதன் பெயரெழுத்துகளைத் தன் பெயருக்கு முன்னே ஏற்றது. பழம்பற்றாளர் அதனைப் பொறுத்தாரல்லர். 2023இல் அவ்வெழுத்துகள் நீக்கப்பட்டன. கிழக்கு வங்கம் என்ற மாகாணப் பெயரோ 1955இலேயே கிழக்குப் பாகிஸ்தான் என மாற்றப்பட்டது. 1971இல் அந்நிலம் வங்காளதேசமாயிற்று. நிலப்படத்தினின்றும் நீங்கிய அப்பெயர் இன்று செம்பொன் நிற உடுப்பணிந்த கழகமொன்றின் பெயராக வழங்குகின்றது.