மலையைப் பிளந்த வாளும் அறுபது மாடிக் கோபுரமும்

திருகோணமலைத் துறைமுக நகரின் கீழ்த்திசையில், கடலுக்குள் நீண்டு செங்குத்தாய் நிற்கும் கோணமலைப் பாறையில் ஒரு பிளவு உண்டு. இராவணன் வெட்டு என்பது அதன் பெயர். தன் வாளால் அவன் மலையைப் பிளந்தான் என்பர். தாயின் ஈமக்கடனுக்காக வாளை ஏழிடத்தில் ஊன்றிக் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளைத் தோற்றுவித்தவனும் அவனே என்பர். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பறங்கியர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். இணைக்கயல் பொறித்த கல் கோட்டை வாயிலில் இன்றும் உளது. கோயில் சிதைந்தபோதும் வாளின் கதை சிதையவில்லை. வாய்மொழியாகவே அது வாழ்ந்தது.

வீரனும் வாளும் மறைபொருளும் கொண்ட கதை, வாய்மொழியாற் பரவிய விந்தை நம் காலத்திலும் ஒருமுறை நிகழ்ந்தது. 1984-ஆம் ஆண்டில் யப்பானின் நாம்கோ நிறுவனம், மசநோபு எண்டோ என்பார் வகுத்த 'துருவாகாவின் கோபுரம்' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் இயந்திர விளையாட்டு அது. அதன் வீரனுக்குக் கில்கமேஷின் பெயர். மண்ணுட் புதைந்து கிடந்த களிமண் ஏடுகளினின்று 19-ஆம் நூற்றாண்டில் மீண்ட பாபிலோனியக் காவியத்தின் தலைவன் அவன். அரக்கன் சிறைவைத்த பூசகியை மீட்க அவன் அறுபது மாடி ஏறவேண்டும்.

மாடிதோறும் ஒரு சிக்கல்வழி. திறவுகோலைக் கண்டெடுத்துக் கதவைத் திறந்தால் அடுத்த மாடி. இவ்வளவே எனின் எளிது. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு மாடியிலும் ஒரு பேழை மறைந்திருந்தது. அது தோன்ற என்ன செய்யவேண்டும் என்பதை இயந்திரம் சொல்லவில்லை. முதல் மாடியில் பச்சை நிறக் கூழுயிர்கள் மூன்றை வெட்டினால், சுவரை உடைக்கும் செப்புக் கோடரி கிட்டும். மேலே செல்லச் செல்ல நிபந்தனைகள் விசித்திரமாயின. இன்றியமையாத பேழையொன்றைத் தவறவிட்டவன், எத்துணை வல்லவனாயினும் முடிவைக் காணான். கொடுமையன்றோ எனலாம்; காசை இழந்தவனும் அவ்வாறே நினைத்திருப்பான்.

அக்கொடுமையே ஆடுவோரை ஒன்றுசேர்த்தது. தனியொருவனால் அவிழ்க்கவியலாத முடிச்சைப் பலர் கூடி அவிழ்த்தனர். விளையாட்டுக் கூடங்களில் வைக்கப்பட்ட பொதுக் கொப்பிகளில், ஒருவர் கண்டதை எழுதிச் செல்ல, முகமறியாத மற்றொருவர் அதைப் படித்து ஒரு மாடி மேலேறினார். 1985-இல் இல்லங்களில் ஆடும் பதிப்பும் வந்தது. வாளேந்திய வீரனைத் தாமே இயக்கி மாய உலகில் உலவும் விளையாட்டு மரபின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்றாயிற்று. 1984-இன் இறுதியில் வெளிவந்த 'ஹைட்லைட்' இதன் தூண்டுதலால் எழுந்ததே.

அக்காலத்துக் கூடங்கள் பலவும் மூடப்பட்டுவிட்டன. கைபட்டுக் கிழிந்த கொப்பிகளைப் பேணிவைத்தோரும் சிலரே. ஆயினும் அன்று ஆடியவரிடம் முதல் மாடியைப் பற்றிக் கேட்டால், மூன்று பச்சைக் கூழுயிர்கள் என்ற விடை ஏட்டைப் பாராமலே வரும்.